மூன்றாவது படத்தில் வானம் இல்லை

என் தங்கையைக் கண்ணாக வைத்துக்கொண்ட, என்னைக் கண்டபடி பேசிய ஏகாம்பரத்துக்கு,

வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேச வராது. அதற்கும் நீ சிரித்திருக்கிறாய். சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது இவ்வளவுதான்:

1. உன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை.
2. வானம் வெளுத்துப்போன படம் படமே இல்லை.
3. வேதவல்லி கேட்ட படம் என்ன ஆயிற்று.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ‘வாங்க மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னைவிட இளையவன், என் தங்கை வேதவல்லியின் புருஷன். என்னை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசினாய். இன்று நானும் நீ என்றே எழுதுகிறேன். பதில் பேச நீ இல்லை என்ற தைரியம். இது கோழைத்தனமா? இருக்கலாம். எழுதி முடித்த பிறகு யோசிக்கிறேன்.

முதலில் கோபம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு கேமரா வாங்கினேன். மறைமலைநகர் கம்பெனி வேலை முடிந்து நீ வீட்டில் உட்கார்ந்ததும், என்னைப் பார்த்து அதே கேமராவை வாங்கினாய். கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து மாடியில் கூடும் நம் படக்காரர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டாய்.

அன்றைக்கு என் படத்தைச் சுவரில் காட்டினார்கள். மாமல்லபுரத்துக் கரைப்பாறைகள், சூரியன் எழுகிற நேரம். மேகத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிய வேண்டும் என்று அளந்து எடுத்த படம். பாறைகள் கறுப்புதான். அது எனக்கும் தெரியும். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து உன் குரல்.

“இன்னா மச்சான், கரண்ட் போச்சா? உன் படத்தப் பாக்கணும்னா டார்ச் எடுத்துகினு வரணும்போல கீதே!”

அந்த மாடியே சிரித்தது. அன்றிலிருந்து நான் ‘டார்ச் சார்’. உன் சாவு வீட்டில்கூட ஒருத்தர் என் கையைப் பிடித்து, “மனசத் தேத்திக்குங்க டார்ச் சார்” என்றார். அழுதுகொண்டிருந்தவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கிடத்தியிருந்த உன்னைத்தான் முறைத்தேன்.

அந்தக் கூட்டத்திலேயே நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை முன்பே ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். எழுந்து நிற்கத்தான் முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

கடற்கரையில் விடியும்போது நம் கண் வானத்தையும் பார்க்கிறது, பாறை இடுக்கில் ஒட்டிய பாசியையும் பார்க்கிறது. கேமராவால் அது முடியாது. மிகப் பிரகாசமானதற்கும் மிக இருண்டதற்கும் நடுவே அது ஒரு குறிப்பிட்ட தூரத்தைத்தான் தாங்கும். அந்தத் தூரத்துக்குத்தான் டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். காட்சி அதைவிடப் பெரிதாக இருந்தால் எதையாவது விட்டாக வேண்டும். வெளிச்சம் அளவை மீறிய இடத்தில் சென்சார் வெறும் வெள்ளையைத்தான் பதிக்கும். வெள்ளைக்குள் எதுவும் இருக்காது. கம்ப்யூட்டரில் எவ்வளவு குறைத்தாலும் அது சாம்பல் ஆகுமே தவிர மேகம் ஆகாது. இருட்டு அப்படியில்லை. அதில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், இழுத்து எடுக்கலாம். அதனால்தான் நான் எப்போதும் வானத்தை அளந்து எடுத்தேன்.

நீயோ, கொளவாய் ஏரியை எடுத்தாலும் சரி, கடலை எடுத்தாலும் சரி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு வானம். கேட்டால், “வானம் இன்னா மச்சான், நாளைக்கும் அங்கதான் கீது. இந்தாளு இருப்பானா?” என்று வலைக்காரரைக் காட்டுவாய். நிலக்காட்சி எடுக்க வந்த இடத்தில் ஆள் எதற்கு? இதற்கு ஒரு நாளும் நீ பதில் சொன்னதில்லை.

என் முறை உனக்குத் தெரியும். ட்ரைபாடில் கேமராவைப் பூட்டி, ஒரே காட்சியை மூன்று தடவை எடுப்பேன். முதல் படம் வானத்துக்கு, இரண்டாவது நடுவாந்திரம், மூன்றாவது நிழலுக்கு. பிறகு மூன்றையும் சேர்ப்பேன். மூன்றும் முடியும்வரை காட்சியில் எதுவும் நகரக் கூடாது. இது தெரிந்தும் சரியாக இரண்டாவது படத்தில் குறுக்கே நடப்பாய். சேர்த்துப் பார்த்தால் பாறைமேல் பாதி ஏகாம்பரம், உடம்பு வழியாகக் கடல் தெரியும். வேண்டுமென்றேதானே செய்தாய்?

இனி மூன்றாவது விஷயம்.

நாம் கடைசியாக மாமல்லபுரம் போன அன்று வேதவல்லியும் நம்மோடு வந்திருந்தாள். நான் காட்சியைக் கட்டி, பொத்தானை அழுத்தப்போகும் நேரத்தில் இரண்டு பேரும் ஈர மணலில் நடந்து என் பாறைக்கு முன்னால் வந்து நின்றீர்கள். ‘நகருங்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று தடவையும் அழுத்திவிட்டேன். அதிசயமாக நீ அன்று அசையவில்லை. அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்த அவளைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாய்.

“எட்த்தியா மச்சான்? என் மூஞ்சி தெரியுமா, இல்ல வழக்கம்போல அமாவாசையா?”

“எல்லாம் இருக்கும் மாப்பிள்ளை. அப்புறமா எடுத்துத் தரேன்.”

அதன் பிறகு நாம் கடற்கரைக்குப் போகவே இல்லை. உன் மார்பு வலிக்கு அவ்வளவு அவசரம்.

இப்போது உன் முதல் வருஷத் திதி வருகிறது. கூடத்தில் மாட்ட உன் படம் வேண்டும். எல்லோர் படத்தையும் எடுத்தவனுக்கு ஒழுங்கான படம் ஒன்று இல்லை. போனில் இருப்பதிலெல்லாம் நாக்கை நீட்டுகிறாய், கண்ணைச் சுருட்டுகிறாய். ஆதார் அட்டையைக் காட்டினேன். “போலீஸ்ல புடிச்சி வெச்ச மாதிரி கீறாரு” என்று வேதவல்லி அதைத் தள்ளிவிட்டாள்.

“அண்ணா, செருப்ப வெச்சிகினு நின்னாரே, அன்னிக்கி என்னப் பாத்தாரே ஒரு பார்வை. அதான் வேணும். நீ எட்த்தல்ல?”

நான் முதல் படத்தைத் திறந்தேன். வானம் அற்புதம். நீங்கள் இருவரும் கரி. என் வாதத்தை நிரூபிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? இருட்டிலிருந்து உன் முகத்தை இழுத்துக் காட்டுவேன், யார் சொன்னது சரி என்று தெரிந்துபோகும். ஆம் ஏகாம்பரம், செத்தவனோடு போட்டி போட்டேன். காலை முழுக்க உட்கார்ந்து நிழலை ஏற்றினேன். முகம் வந்தது. ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள், கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சகதி. மிச்சம் இருக்கும் என்றேன் அல்லவா? இருந்தது. அது உன் முகமாக இருக்கும் அளவுக்கு இல்லை.

வேதவல்லி பார்த்தாள். “இன்னாண்ணா, அம்மை போட்ட மாதிரி கீது?”

அவள் திரையின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்னப் படங்களில் ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

“அது இன்னா வெள்ளயா?”

“அது கெட்டது. வானமே இல்ல.”

“வானத்த நான் கேட்டனா? தொற.”

அது என் மூன்றாவது படம். அது இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கேமரா வாங்கிய நாள் முதல், மூன்றாவது படத்தை நிழலுக்காகச் சுரண்டியிருக்கிறேனே தவிர, ஒரு படமாக முழுசாகத் திறந்து பார்த்ததில்லை. திறந்தேன். வெளிச்சம் மீறிய இடமெல்லாம் எச்சரிக்கைச் சிவப்பு மினுக்கியது. அதை அணைத்தேன். வானம் இல்லை. கடலும் இல்லை, காலடியில் ஒரு கோடு மட்டும். அந்த வெள்ளைக்கு முன்னால் நீ நின்றாய். தாடியில் நரை, கழுத்தில் வியர்வை, மூக்கின்மேல் பழைய தழும்பு. அவளைப் பார்க்கும் அந்தப் பார்வை, முழுசாக.

அவள் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: “ஐய, ரெண்டும் எடது கால் செருப்பு. கெளம்பறப்போ யாருத எட்த்து மாட்டிகினு வந்தேனோ. அதான் சிரிக்கிறாரு.” சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் பிரிண்ட் போடுகிறவர், “சார், வானம் புட்டுகிச்சே, நல்லதா ஒரு நீல வானம் ஒட்டித் தரவா?” என்று கேட்டார். எதற்கும் சரி சரி என்று தலையாட்டும் நான், “வேண்டாம், இப்படியே போடுங்க” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

படத்தை நானே கொண்டுபோய் மாட்டுகிறேன். நான் இருக்கும்வரை அந்த வெள்ளையில் யாரையும் எதையும் ஒட்ட விட மாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. டார்ச் விவகாரத்தை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. முதல் விஷயம் அப்படியே நிற்கிறது. உன் கொளவாய் ஏரி எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் மேலே இரண்டாவதாக எழுதியிருக்கிறேனே, அது தப்பு.

உன் மச்சான்,
வேதவல்லியின் அண்ணன்,
சபாபதி