அப்பாவும் மாமியாரும் ஒரே மேசையில்

டிசம்பர் 19, தினான்

அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். அம்மா போனபின் வரும் முதல் கிறிஸ்துமஸ். இங்கிலாந்தில் அவரைத் தனியாக விட மனமில்லை. இங்கே பிரான்ஸிலேயே இருக்கும் மோர்லேயிலிருந்து மாமியார் சொலான்ஷும் வருகிறார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் வருகிறார்கள்.

டிசம்பர் 20

எனக்குக் கல்யாணமான வருஷம் அப்பா கொண்டுவந்த கெட்டியான கிறிஸ்துமஸ் புட்டிங்கை சொலான்ஷ் கரண்டியால் தட்டிப் பார்த்து, "இது சாப்பிடவா, சுவத்துல ஓட்டை அடைக்கவா?" என்று கேட்டார். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. கை காட்டிய விதத்திலேயே புரிந்துகொண்டார். கோட்டை மாட்டிக்கொண்டு போனவர்தான். அதன்பின் அம்மா மட்டும் வந்து போவாள்.

யானிக்கிடம் புலம்பினேன். "இருபத்திநாலு ராத்திரி எங்கம்மாவோட சிப்பி விருந்து. மறுநாள் மத்தியானம் உங்கப்பாவோட வான்கோழி. சண்டை வந்தா நான் நாயைக் கூட்டிட்டு நடக்கப் போயிடுவேன்," என்கிறான். நல்ல புருஷன்!

டிசம்பர் 24

புயல். அப்பா நேற்று ஏறிய கப்பல் இன்னும் சேன் மாலோ வந்து சேரவில்லை. அவர் ஃபோன் அணைந்து கிடக்கிறது. துறைமுகத்தில் கேட்டால், "காத்திருங்க மேடம்." நான்தானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன்? வயசான மனுஷனை இந்தக் கடல்ல...

மதியம் — கப்பலை மோர்லே பக்கத்து ரோஸ்கோஃப் துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்களாம். எல்லோரும் பத்திரம். யானிக்கின் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தேன். ஆனால் மரங்கள் விழுந்து இங்கே சாலை மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒரே ஆள். யானிக் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். "நான் போய்க் கூட்டிட்டு வரேன். பயப்படாதே, கடல்ல தள்ளிட மாட்டேன்," என்றாராம்.

மாலை — இருவரும் மோர்லேயில். இரவும் அங்கேதான். இருவருக்கும் பொதுவான ஒரு வார்த்தைகூட இல்லாமல் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்களோ?

டிசம்பர் 25

சாலை திறந்துவிட்டது. கார் வந்து நின்றது. அப்பாவின் கட்டைவிரலில் கட்டு. "சிப்பி திறக்கத் தெரியும்னு தலையாட்டிட்டேன். பொய்தான்," என்றார்.

சொலான்ஷ் என்னைக் கட்டிக்கொண்டு காதருகே சொன்னார்: "உங்கப்பா உங்கம்மாவோட ஃபோட்டோவைக் காட்டினார். நான் செத்துப்போன எங்க வீட்டுக்காரர் ஃபோட்டோவைக் காட்டினேன். அழுதோம். அப்புறம் ஒரு பாட்டிலைக் காலி பண்ணோம்."

வான்கோழி கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. அப்பா ஊர் கிறிஸ்துமஸ் வழக்கப்படி சொலான்ஷ் தலையில் பச்சைக் காகிதக் கிரீடம். அதே வழக்கப்படி அப்பா பிராந்தி ஊற்றிப் புட்டிங்கைக் கொளுத்தினார். சொலான்ஷ் ஒரு துண்டை முழுசாகத் தின்று முடித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்: "சகிக்கலை. அவர்கிட்ட சொல்லிடாதே."

டிசம்பர் 27

மதியம் சமையலறையில் ஒரே சத்தம். மிச்ச வான்கோழியில் சூப் வைப்பதா, வறுப்பதா என்று — அவர் ஆங்கிலத்தில், இவர் பிரெஞ்சில். பதறிக்கொண்டு ஓடினேன். "என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா, பேசிட்டிருக்கோம்," என்றார் அப்பா. சொலான்ஷ் கரண்டியால் எனக்கு வாசலைக் காட்டினார்.

மாடிக்குப் போய்ப் படுத்தேன். கீழே சத்தம் ஓயவே இல்லை. நன்றாகத் தூங்கிப்போனேன்.