வண்ணம் பூசிய பக்கம்

அக்காவுக்கு,

சியோல் ஓவியச் சந்தைக்குப் போயிருந்தேன். உங்கள் கேலரி எட்டுப் பேரின் படங்களை மாட்டியிருந்தது. நடுவில், உங்கள் பெயர்ச்சீட்டோடு, நாம் இருவரும் வாடகையைப் பகிர்ந்து வரைந்த அறையிலிருந்து காணாமல்போன, நான் வரைந்த படம். படத்தில் இருப்பது, நமக்குக் கிம்ச்சி ஊறுகாய் கொடுத்தனுப்பிய என் அம்மா.

"முகத்தையே காட்டல பாருங்க, என்ன துணிச்சல்!" என்றாள் கேலரிப் பெண்.

"ஆமாங்க," என்றேன்.

முகத்தை முன்பக்கம் வரைந்து, வண்ணத்தைக் காகிதத்தின் பின்னாலிருந்து பூசி ஊறவிடுவேன். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து அதைக்கூடவா கவனிக்கவில்லை? பின்பக்கத்தை வெளியே காட்டிச் சட்டம் போட்டிருக்கிறீர்கள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சுவரைப் பார்த்தபடியே இருக்கட்டும். உங்கள் முகத்தில் விழிக்காமலாவது இருப்பாள்.

இப்படிக்கு,
ஜன்னலோர இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தவள்