பத்து முறை எழுதிய தண்ணீர்

ஆடி, செவ்வாய் இரவு.

கண்ணை மூடினால் அந்த அம்மாவின் எண்ணெய் வழியும் முகம்தான் வருகிறது.

திருவேங்கடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளோடு முதல் பஸ்ஸில் வந்து எங்கள் லாட்ஜில் அறை எடுத்தார். மூவரும் அறையிலேயே உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்கள். நான் கணினியில் குனிந்திருந்தேன். அரை மணியில் திரும்பி வந்துவிட்டார்கள். அருவிப் பாறை காய்ந்து கிடக்கிறதாம்.

"போன்ல தேடுனா ஒங்க லாட்ஜ்தான் மொதல்ல வருது. தண்ணி விழுதுன்னு போட்டிருக்கியளே, போய்ப் பாக்கலியாம்மா?"

லாட்ஜின் இணையப் பக்கத்தில் அதை எழுதியது நான்தான். 'குற்றாலத்தில் இன்று தண்ணீர்' என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். அந்தச் சொற்களைத் தலைப்பில் வைத்து, உள்ளேயும் பத்து முறை நுழைத்து, 'விழுகிறது' என்று முடித்திருந்தேன். எழுதிய அன்று விழுந்தது.

பிள்ளைகள் குளியலறையில் வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டார்கள்.

மத்தியானம் தலைப்பை மட்டும் விட்டுவிட்டு, கீழே 'இன்று விழவில்லை' என்று மாற்றினேன். முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"இப்படிப் போட்டா ஆளு வருமா?"

"விழுத அன்னைக்கு வருவாங்க, அண்ணாச்சி."

முறைத்துவிட்டுப் போனார். நாளைக் காலையில் அருவியைப் பார்த்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும்.

தூக்கத்தில் கண் சொக்குகிறது. பாறை உச்சியிலிருந்து நான் எழுதிய 'தண்ணீர்' என்ற சொல் பத்து முறையும் விழுகிறது. எண்ணெய்த் தலையோடு கீழே நிற்கிறேன். ஒரு முடிகூட நனையவில்லை.