கதவைத் தட்டும் முன்

அப்பா,

உங்கள் ஜாக்கெட் இன்னும் அறைக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அம்மா அதைத் துவைக்க விடுகிறார் இல்லை. இன்று மழை என்று அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்தாள். சீனத் தைல மணம். பேர்வூட்டில் நீங்கள் போய்ப் பார்க்கும் சீன அன்ரிமார் உங்கள் நெற்றியிலும் மணிக்கட்டிலும் பூசிப் பூசி, அது துணிக்குள்ளேயே ஊறிவிட்டது. தலையிடி என்று ஒரு தரம் வாய்தவறிச் சொன்னதற்கு ஆயுள் தண்டனை என்று புலம்புவீர்கள். நான் உங்களுக்கு ‘நடமாடும் மருந்துக்கடை’ என்று பட்டம் வைத்தேன். ஆனால் இன்று அந்த மணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண்முன்னே வந்தவை வேறு. அந்த அன்ரிமார் இருக்கும் மாடிக் கட்டடத்தின் நீண்ட நடை, வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் கதவுகள், அவற்றின் முன்னால் தட்டத் தூக்கிய கையோடு நிற்கும் நீங்கள்.

உங்களைப் போல ஒரு பயந்த மறைப்பணியாளரை ஆண்டவர் வேறெங்கும் தேடிப் பிடித்திருக்க முடியாது. மன்னாரில் ஞானோபதேசம் படிப்பித்த நீங்கள், இந்த நாட்டுக்கு வந்து பல வருடம் சீனச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவினீர்கள். அங்கே பொறுக்கிய கன்ரனீஸ் பேச்சை நம்பித்தான் பங்குச் சுவாமி உங்களைக் கேட்டார்: தனியே வாழும் சீன முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் செபிக்க ஆள் வேண்டும் என்று. நீங்கள் அவர்கள் மொழியில் ‘எங்கள் பிதாவே’ சொன்னால், சமையல்காரரிடம் நூடில்ஸை கெதியாகத் தரச்சொல்லி அதட்டுவது போல இருக்கிறது என்று அன்ரிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். கதவு திறந்த பிறகுதான் அந்தச் சிரிப்பெல்லாம். திறக்கும் வரை உங்கள் முகம் பரீட்சை மண்டபத்தில் என் முகம்.

லிஃப்டில் நான் வேண்டுமென்றே குதிப்பேன். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரியே வாழ்க சொல்வீர்கள். மோட்சத்துக்கு ஏறப் பயமில்லாத மனுசனுக்கு ஒன்பதாம் மாடிக்கு ஏறப் பயமோ என்று கேட்பேன். மேலே போனதும் ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள்.

“மறைப்பணி எண்டா மறைஞ்சு நிண்டு ஒட்டுக் கேக்கிறதோ, அப்பா?”

“சத்தம் போடாத பிள்ளை. ரீவி போகுதோ எண்டு பாக்கிறன்.”

“போகாட்டி?”

“போகாட்டித்தான் பயம்.”

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் தனி ஆள். பிள்ளைகள் மெல்போர்னில், ஹொங்கொங்கில். கதவு திறக்காவிட்டால் உள்ளே என்ன கிடக்கிறது என்று கண்டுபிடிக்கிற முதல் ஆள் நீங்கள்தான். அந்தப் பயம் எனக்கு அப்போது விளங்கவில்லை. நீங்கள் கதவோடு ஒட்டி நிற்கிற மாதிரி வீட்டில் நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தேன்.

அந்தக் கட்டடத்தில் தனியே இருக்கும் லியூங் அங்கிளிடம் நீங்கள் விட்ட பிழை நினைவிருக்கிறதா? பென்டில் ஹில்லில் ஒரு செத்த வீட்டுக்குப் போய்விட்டு, உடுப்பும் மாற்றாமல் நேரே அவரிடம் போனோம். பிந்தியதற்குக் காரணமாக அதையும் பெருமையாகச் சொன்னீர்கள். அவருக்கு அடுத்த நாள் இருதய ஒப்பரேஷன். அவருடைய முகம் வெளிறியது. மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். மரணம் நடந்த இடத்திலிருந்து உயிரோடு இருப்பவர் வீட்டுக்குள் அப்படியே நுழையக்கூடாது. துக்கக்காரர் நாள் கழியும் வரை அடுத்தவர் வாசலை மிதிப்பதில்லை. அது அவர்களுடைய வழக்கம். ஞானஸ்நானம் பெற்றும் அவர் அதை விடவில்லை.

நீங்கள் படியில் குந்திவிட்டீர்கள். “எங்கட ஊரிலயும் சைவ ஆக்கள் செத்த வீட்டால வந்தா முழுகாமல் வீட்டுக்குள்ள வராயினம். எனக்கெண்டு அறிவு வேணாமோ? அந்த மனுசனுக்கு நாளைக்கு ஏதும் நடந்தால்?”

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது உங்களுக்கு. உங்கள் இருதயம் ஒப்பரேஷனுக்குக்கூட நேரம் தரவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் பூசைக்கு இன்னும் நாள் இருந்தது. அப்போது, எங்கள் பங்கைச் சேர்ந்த மே அன்ரி அம்மாவுக்குப் போன் எடுத்தார். லியூங் அங்கிள் போன் எடுக்கிறார் இல்லை, பூசைக்கும் வரவில்லை, தான் இப்போது மெல்போர்னில் மகளிடம், யாராவது போய்ப் பார்க்க முடியுமா என்று. அம்மா போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நீ போகாத. நாங்க இப்ப செத்த வீட்டுக்காரர். அந்த மனுசன் சும்மாவே பயந்தது.”

போனேன். சாப்பாடு கொண்டுவந்த ஒரு பையனின் பின்னால் கட்டடத்துக்குள் நுழைந்தேன். லிஃப்டில் குதிக்கவில்லை. கதவின் முன்னால் போய் நின்று, நான் நடித்துக் காட்டிய அதே மாதிரிக் காதை வைத்தேன். ரீவி சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தம் இல்லை. என் காதுக்குள் என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

அப்பா, அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே அவர் விழுந்து கிடந்தால் ஒரு மாதத்துக்குள் நான் பார்க்கும் இரண்டாவது உடல். உயிரோடு இருந்தால், துக்க வீட்டுப் பெட்டை வாசலில் நிற்பதைக் கண்டு கதவை முகத்தில் சாத்துவார். சாத்தட்டும், ஆண்டவரே, அவர் எழுந்து வந்து சாத்தட்டும் என்று கேட்டேன். நான் மனதாரச் செய்த முதல் செபம் அதுதான். என் முகத்தில் கதவைச் சாத்தச் சொல்லி.

தட்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டி, உங்கள் பெயரைச் சொல்லி, நான் அவருடைய மகள் என்று கத்தினேன். கதவுச் சங்கிலி ஆடிய சத்தம் கேட்டது. ஒரு கீற்றுத் திறந்தது. ஒரு கண் என்னைப் பார்த்தது. கதவு மூடிக்கொண்டது.

உயிரோடு இருக்கிறார். எனக்கு அது போதும் என்று திரும்பி நடந்தேன். பின்னால் கதவு அகலத் திறந்தது. லியூங் அங்கிள் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து நடையில், எனக்காக, வாசலுக்கு வெளியே வைத்தார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்து அதன் எதிரே வைத்துத் தான் இருந்தார். இரண்டு காலிலும் இரண்டு வேறு செருப்பு. உள்ளேயும் விடவில்லை, போகவும் விடவில்லை. அந்த நடையில் ஆள்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பாதி ஆங்கிலம், பாதி கையால் பேசினோம். நீங்கள் போய்விட்டீர்கள் என்று அவருக்குச் சொன்னது அந்தப் போன்தானாம். அதன்பிறகு அது அடித்தாலே நடுக்கம். இனி யாருடைய சாவைச் சொல்லப் போகிறதோ என்று வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாராம். கதவைத் தட்டினாலும் திறப்பதில்லையாம். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் எழுந்து வந்து கதவடியில் நின்றாராம். நீங்கள் வரும் நாள்.

அவர் அழுதார். எனக்கும் பகிடி ஒன்றும் கைவசம் இருக்கவில்லை. வயரைத் திரும்பக் கொழுவுங்கள் என்று கேட்டேன். கொழுவினால் எனக்கு யார் போன் எடுப்பார்கள் என்று கேட்டார்.

“நான்” என்றேன்.

இன்று செவ்வாய். பள்ளிக்கூடம் விட்டு ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் நின்று அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடிக்கத் தொடங்கினால் நான் வெறும் காதாகிவிடுகிறேன். ரயில் வந்தது, போனது, அடுத்ததும் வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு “வேய்?” என்று சீனத்தில் ‘ஹலோ’ சொல்லும் அந்தக் கரகரத்த குரல். வாறன் அங்கிள் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமி பிரசங்கம் வைத்தார். நீங்கள் எனக்கு விட்டுப் போனது உங்கள் துணிவு என்றார். பாவம், அவருக்கு உங்களைத் தெரியாது. எனக்குக் கிடைத்தது உங்கள் பயம் முழுவதும், ஒரு துளி குறையாமல். அதை நான் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன், அப்பா.