அவருக்குப் பதில் இவர்

இன்று காரைநகரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் நம்முடைய சிரிப்புத் தொடர் ஓடியது. சாரதியின் தலைக்கு மேலே தொங்கிய சின்னத் திரையில் மாமனாருக்கு இடது நெற்றியில் பிளாஸ்டர். அவர் சோறு போட்டுக்கொள்ளக் குசினிக்குள் போவதற்குள் அது வலது பக்கம் மாறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நீ இருந்திருந்தால் என் விலாவில் இடித்திருப்பாய். "எந்தப் பக்கம்? சொல்லன், எந்தப் பக்கம்?"

எட்டு வருடம் ஓடிய தொடர். நாரந்தனையில் உன் வீட்டுச் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, அதன் பிழைகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினோம். சுவர் மணிக்கூட்டில் எப்போதும் பத்தேகால். முதல் வருடம் செத்துப்போன சித்தப்பா நான்காம் வருடக் கலியாணத்தில் சோறு பரிமாறினார். மனைவியாக நடித்தவள் விலகி வேறொருத்தி வந்தபோது, "அவருக்குப் பதில் இவர்" என்று அட்டை போட்டார்கள். நீ உருண்டு சிரித்தாய். "பெத்த பிள்ளையளுக்கே தாய் மாறினது தெரியேல்லை, பாரடி!"

புருஷன் அவள் தலையில் குட்டும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கும். நாங்களும் சிரித்தோம். அது ஒரு பிழையென்று கொப்பியில் எழுதத் தோன்றவேயில்லை.

உன்னைக் காரைநகரில் கட்டிக்கொடுத்தார்கள். பொடியன் குடிப்பதில்லை, ஊருக்கு அது போதுமாயிருந்தது. முதல் பொங்கலுக்கு வீங்கிய கன்னத்தோடு வந்தாய். என்னிடம், "கிணத்தடியில வழுக்கிப்போட்டன்" என்றாய். சற்று நேரத்தில் உன் அம்மாவிடம், "குசினிக் கதவு அடிச்சுப்போட்டுது" என்றாய்.

"எடியே, பிழை! கிணறோ, கதவோ?" என்று கத்தினேன். உன் அம்மா சிரித்தார். நீயும் சிரித்தாய், வாயின் ஒரு பக்கத்தால் மட்டும். நான் பிடித்ததிலேயே பெரிய பிழை அதுதான். அதைப் பகிடியாக்கித் தின்றுவிட்டேன்.

ஐந்து மாதத்தில் உன் செத்தவீடு. தண்ணி அள்ளப் போய்க் கிணற்றில் விழுந்தாய் என்றான் அவன். அது மோட்டர் பூட்டிய கிணறு. அந்த வீட்டில் வாளியே இல்லை. குசினிக்குக் கதவும் இல்லை, ஒரு துணிதான் தொங்கியது. உன் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை வேலியோரம் கூட்டிப்போனார். "உமக்கும் ஒரு தங்கச்சி இருக்கெல்லே, பிள்ளை. வாயை மூடும்."

மூடினேன்.

பதில் ஆளுக்கான அட்டை எட்டு மாதத்தில் வந்தது, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி. உன் அம்மாவுக்கே கலியாணம் சொல்லி அனுப்பியிருந்தான்.

அந்தப் பதில் ஆள் இன்று என் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். உன் பச்சைச் சேலை. மணிக்கட்டில் துணிக்கட்டு.

"என்ன நடந்தது?"

"குசினிக் கதவு அடிச்சுப்போட்டுது அக்கா."

திரையில் கூட்டம் சிரித்தது. பஸ்ஸும் சேர்ந்து சிரித்தது. உன்னிடம் கேட்காமல் விட்டதை நான் அவளிடம் கேட்டேன்.

"எந்தக் கதவு, தங்கச்சி?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் எழும்பவில்லை.

"இன்னொருக்காக் கேளுங்கோ" என்றாள்.