லில்லி விற்காத இடம்

என் அன்பு லில்லிக்கு,

நீ உன் கல்லறை இடத்தை விற்றுவிட்டதாகச் சொல்கிறார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதுபடவே சொன்னார்கள். ஏதோ ஒரு கம்பெனி உனக்குப் பணம் கொடுத்ததாம். அதனால்தான் செத்தபின் கணவன் கல்லறைப் பக்கத்தில் படுக்க வேண்டிய நீ மேற்குச் சுவரோரம் பொதுவரிசையில் கிடக்கிறாயாம்.

அது பொய். நீ விற்கவில்லை, கொடுத்தாய். அன்று உன் பக்கத்தில் நின்றவள் நான். இந்தக் கடிதத்தை நம் கோயிலின் பங்கு மடலில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். உன்னோடு பேசுவதை மற்றவர்களும் கேட்கட்டும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். அண்ணன் தம்பி இருவரை மணந்து ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். கல்லறைத் தோட்டத்தில் நம் குடும்பத்துக்கு நான்கு இடம். நடுவில் அவர்கள் இருவரும் போய்ப் படுத்துக்கொண்டார்கள். என்னவர் பக்கம் எனக்கு, உன்னவர் பக்கம் உனக்கு என்று வைத்திருந்தோம்.

நீ இடம் கொடுத்த பிரிஸ்கா ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை, ஹாஸ்டலில் தங்கல். தமிழ்ப் பூசை அவளுக்குப் புரியாது. ஆனாலும் முழந்தாளிட வேண்டிய நேரத்தில் நம் ஆட்கள் பலருக்கு முன்பே முழந்தாளிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு உன் வீட்டில். உன் மீன் குழம்பின் காரத்துக்கு அவள் கண்ணில் தண்ணீர் வரும், இன்னும் கொஞ்சம் என்று தட்டையும் நீட்டுவாள்.

அவள் காய்ச்சல் முற்றி இறந்தாள். ஊருக்கு எடுத்துப்போக யாராலும் வர முடியவில்லை. அங்கேயே கோயில் முறைப்படி அடக்கம் செய்துவிடுங்கள் என்று அவள் அப்பா போனில் அழுதார். நம் பங்கில் பெயர் இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை. அந்த விதியை எழுதியவர்களில் என் கணவரும் ஒருவர். ஆகவே நான் வாய் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அவள் அறைத் தோழிகள் வெயிலில் நின்றார்கள்.

நீதான் பேரவை கூடியிருந்த அறைக்குள் போனாய், நான் உன் பின்னாலேயே வந்தேன். "எனக்குன்னு வச்ச எடம் காலியாத்தான கீது? அதுல வையுங்க" என்றாய்.

"அப்போ நீங்க போனா எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டார் பேரவைத் தலைவர்.

"நான் இந்தப் பங்குக்காரி. எங்கனா ஒரு மூலையில என்னிய வச்சித்தான ஆவணும்? அவளுக்கு அது கூட இல்லியே."

அவர் குழி வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். 

பிரிஸ்காவின் கம்பெனி அதிகாரி உன்னிடம் ஒரு பணக் கவரை நீட்டினார். முந்தின மழைக்கு உன் வீட்டுக் கூரை ஒழுகியது எனக்குத் தெரியும். நீ வாங்கவில்லை. "கவரு வேணாம் சார். அடக்கம் முடியற வரைக்கும் இந்தப் பொண்ணுங்க இங்க இருக்கட்டும். அவங்க கூலிய புடிச்சிடாதீங்க" என்றாய். அவர் கவரைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் நீட்டியதை மட்டும் பார்த்தார்கள்.

புருஷன் பக்கத்திலேயே இன்னொருத்தியைப் படுக்க வைத்தவள் என்று ஒருத்தி உன்னைக் கேலி செய்தாளே, நினைவிருக்கிறதா? "உசுரோட இருந்தப்பவே நான் அவர சந்தேகப்படல. இப்ப எலும்பா கீறவரு மேலயா படப்போறேன்?" என்று நீ திருப்பிக் கொடுத்தாய். கல்லறைத் தோட்டத்தில் சிரிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அன்று சிரித்துவிட்டேன்.

நீயும் நானும் ஒரே கான்வென்டில் படித்தவர்கள். உலக ஆதாயத்தைவிட ஆன்மா பெரிது என்று பக்கம் பக்கமாக எழுதி மறைக்கல்விப் பரிசு வாங்கியவள் நான். உன் இடத்தில் இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். கணவர் பக்கத்தில், பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே படுப்பது எனக்குப் பெருமை. உனக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த மண்ணில் புல் முளைக்க விடாமல் நீயே பிடுங்கிக்கொண்டிருப்பாய். வேண்டாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், லில்லி.

இப்போது வீட்டுச் செய்தி. என் மகன் ஆல்பர்ட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பி நன்றாக இருக்கிறான். மணவாள நகரில் மாடி வைத்து வீடு கட்டிவிட்டான். அடுத்து நம் நான்கு இடத்தையும் சேர்த்துக் கறுப்புக் கிரானைட்டில் ஒரே கல்லறை கட்ட வேண்டுமாம். பிரிஸ்காவைச் சுவரோரத்துக்கு மாற்றிவிட்டு உன்னை உன்னவர் பக்கம் கொண்டுவர வேண்டுமாம். கல்லறைத் தோட்டத்துக்குப் புது கேட்டும் போட்டுத் தருகிறானாம். பேரவையில் சிலருக்கு அந்த கேட் ரொம்பப் பிடித்திருக்கிறது.

"கல்லறைத் திருநாளுக்கு வர்றவங்கல்லாம் இது யாருன்னு கேக்குறாங்கம்மா. பேஜாரா கீது" என்றான்.

"கேட்டா, எங்க வூட்டுப் பொண்ணுன்னு சொல்லு."

"சித்திய நம்ம எடத்துக்குக் கொண்டாரேன்றேன். அது குத்தமா?"

குற்றமில்லை. அவன் உன்மேல் வைத்திருக்கும் பாசம் உண்மை. ஆனால் உன்னைக் கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு, நீ செய்ததை அழிக்கப் பார்க்கிறான். அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உன்னை வைத்தால் நீ வருவாயா? எழுந்து நடந்தே சுவரோரம் போய்விடமாட்டாயா?

இடம் இப்போது என் பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரே மகன். வலிக்கிறது. இருந்தாலும் நான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது. நான் போன பிறகு? அதுதான் என் கவலை.

பிரிஸ்காவின் தோழிகளில் இருவர் இன்னும் வருகிறார்கள். அவள் கல்லறையில் ஏற்றிய மெழுகுவர்த்தியிலிருந்து உனக்கும் ஒன்று ஏற்றுகிறார்கள். அவர்கள் பாஷையில் ஏதோ பாடுகிறார்கள். இராகம் சுமார்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனிக் கல்லறைத் திருநாளில் முதலில் சுவரோரம் உன்னிடம் வருவேன். பிறகு பிரிஸ்காவிடம். அதற்குப் பிறகுதான் என்னவரிடம். மூத்த மருமகள் முறை தவறுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

பங்குப் பேரவையினருக்கு: என் காலத்துக்குப் பின்னும், யார் கேட்டாலும், என்ன கட்டித் தந்தாலும், பிரிஸ்காவை அந்த இடத்திலிருந்து எடுக்க மாட்டோம் என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

உன் மூத்த ஓரகத்தி,
ஸ்டெல்லா