துப்பிய தீனி

6 செப்டம்பர் 1993, திங்கள்

பெர்ரிக் கப்பலில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மா எழுந்து போகவில்லை. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பட்டர்வொர்த் கரை வரும்வரை அங்கேயே சாப்பிட்டார். என் கையை முகர்ந்து பார்த்தேன். பச்சைப் பயற்று மாவு மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான்.

மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு இந்த மீன் தீனித் தொழிற்சாலைக்கு வந்ததிலிருந்து பெர்ரியில் யார் பக்கத்திலும் உட்காராமல் கம்பியோரம் நின்றுதான் போய்வருகிறேன். மீன் தூள் நாற்றம் எந்தச் சோப்புக்கும் அடங்காது. போன வாரத்திலிருந்து மெஷினில் மீன் தூளுக்குப் பதில் சோயாத் தூள் கொட்டுகிறேன். மீன் தூள் விலை ஏறிவிட்டதாம். ஏறட்டும்!

9 செப்டம்பர், வியாழன்

மெஷின் பார்க்கும் நல்லமுத்து அண்ணன் நீராவியைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துவிட்டார். தீனி உருண்டைகள் உப்பி வந்து தண்ணீரில் மிதக்கின்றன.

"பாத்தியா, பெர்ரி மாதிரி மெதக்குதுலா!"

பின்பக்கத் தொட்டியில் சியாக்காப் மீன்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இதைப் போட்டுப் பார்ப்பது என் வேலை என்றார் மேனேஜர் கனகசுந்தரம் சார். அவை தின்றால் இனி எல்லாம் சோயாதான்.

13 செப்டம்பர், திங்கள்

மீன்கள் மேலே வருகின்றன. கவ்வுகின்றன. துப்பிவிடுகின்றன.

மிதந்ததை வலையால் அள்ளிக் கால்வாயில் கொட்டினேன். சார் வாசலில் நின்றபடியே, "சாப்பிடுதா?" என்றார். தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்?

16 செப்டம்பர், வியாழன்

மூட்டை தைக்கும் நூர்ஜான் அக்கா, தன் தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு.

"ஒளிஞ்சுக்காதே, வந்துரு. எங்க வீட்டுப் பொம்பளைங்களோட உக்காந்து பிரியாணி சாப்புடு."

போன வருடம் மாமா வீட்டுக் கல்யாணத்தில் தலைவலி என்று சொல்லிச் சமையல்கட்டிலேயே இருந்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியும், ஏனென்று.

சார் இன்றும் கேட்டார். இன்றும் தலையாட்டினேன்.

21 செப்டம்பர், செவ்வாய்

சின்ன மீன் ஒன்றுக்கு வாலே இல்லை. மற்றொன்று கடித்திருக்கிறது. பசி. பெரியதன் முதுகுகூட ஒட்டிப்போய்விட்டது – அய்யோ, நான்தானே, நான்தானே எல்லாம் பண்ணுறேன்.

பத்து காவான் ஊரில் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் தௌக்கே முதலாளிக்கு நாளைக்கு லாரியில் சோயாத் தீனி போகிறது. அங்கே எத்தனை ஆயிரம் மீனோ. சொன்னால் மீன் தூள் திரும்பி வந்துவிடும். கல்யாணமோ ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் என்ன?

என்ன பேச்சு இது.

22 செப்டம்பர், புதன்

லாரியில் பாதி மூட்டை ஏறிவிட்டிருந்தது. சார் முன்னால் போய் நின்றேன்.  

"திங்கல சார். துப்புது."

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"கேட்டப்பல்லாம் தலைய ஆட்டுனியே! வாய் எங்க போச்சு?"

சார் தொட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

சோயாவை அப்படியே தூக்கிப்போட முடியாது, மேலே மீன் சாறு பூசினால் தின்னும் என்றார் நல்லமுத்து அண்ணன். மீன் தூளைவிட மோசமாக நாறும் அது. பீப்பாயைத் திறந்தாலே ஆட்கள் வெளியே ஓடுவார்கள்.

"யார் பூசுறது?" என்று சார் கேட்டார். எல்லாரும் கீழே பார்த்தார்கள். நூர்ஜான் அக்கா என்னைப் பார்த்தார்.

தலைமுடியை இழுத்துத் துணியால் கட்டிக்கொண்டு பீப்பாய் மூடியைத் திறந்தேன்.